விமானத்துக்குத் தனாக்கா பூசிய கதை

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை விமானம் ஓட்டியிருக்கிறேன். அதுவும் பறக்கிறோம் என்று தெரியாமல். வண்டி தரையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பி, 'அட, இந்தப் பக்கம் வயல் நல்ல வழவழப்பாக இருக்கிறதே!' என்று உளுந்து வயலைப் பாராட்டிக்கொண்டே ஆகாயத்தில் போனவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒரு சங்கம் ஆரம்பித்துவிடலாம்.)

விமானம் என்னுடையதல்ல. என் மனைவி மல்லிகாவின் அண்ணனுடையது. கோயில் அர்ச்சனைக்கு அவர் பெயர் விநாயகம். வெளியில் கோ வின். அப்பா தமிழ், அம்மா பர்மியர் என்பதால் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் இரண்டு பெயர், இரண்டு மொழி, இரண்டு பக்கத்துச் சாமி. தாமுவேயில் ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். யாங்கூனில் கரண்ட் போகும் அழகுக்கு, ஜெனரேட்டர் மெக்கானிக்குக் கிடைக்கும் மரியாதை இருதய டாக்டருக்குக்கூடக் கிடைக்காது.

அந்த மரியாதை போதாது என்று, பட்டறையின் பின்பக்கம் அலுமினியக் குழாயும் துணியும் வைத்து ஒரு ஆள் உட்காரும் விமானம் கட்ட ஆரம்பித்தார். எஞ்சின் தாய்லாந்து எல்லையிலிருந்து செகண்ட்ஹேண்டில் வந்தது. நான்கு வருடம் கட்டினார். முதல் இரண்டு வருடத்தில் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அவருக்கு ஒரு இறக்கைதான் முடிந்திருந்தது.

காரணம், மனிதருக்குப் பாதுகாப்புப் பைத்தியம். ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்ததும் அதன் மேல் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார். நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் நட்டை முறுக்கி அதற்கும் கோடு போட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார்.

அவரிடம் ஒரு நீல நோட்டு இருந்தது. எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை நாற்பத்தொரு வரிகள். ஒருவர் படிக்க வேண்டும், இன்னொருவர் அந்த உறுப்பைக் கையால் தொட்டுப் பார்த்து "சரி" சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்து "சரி" சொன்னால் செல்லாது. அதற்கும் மேலே, அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு விதி: சோதனை முடிந்த பின் யாரும் விமானத்தைத் தொடக்கூடாது.

"கல்யாணப் பொண்ணு மாதிரி வச்சிருக்கீங்க மச்சான்," என்றேன் நான்.

"கல்யாணப் பொண்ணு கீழே விழுந்தா எந்திரிச்சுக்குவா மாப்ள," என்றார்.

இவ்வளவு கவனமான மனிதர் என்னை ஏன் விமானத்தில் உட்கார வைத்தார் என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. என் தகுதி ஐம்பத்திரண்டு கிலோ. அவ்வளவுதான். கோ வின் தொண்ணூற்றாறு. அந்த எஞ்சினுக்கு அவர் அதிகம். பபேடானில் மின்விசிறிக் கடை வைத்து, காலையில் ஒரு கிண்ணம் மொஹிங்கா மீன் நூடுல்ஸும் நாலு லபெயே டீயுமாக உடம்பை வளர்க்காமல் காப்பாற்றிய என்னைத்தான் குடும்பம் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது. (என் திறமையை முதன்முதலில் அங்கீகரித்தது ஒரு எடை மெஷின்.)

பட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, விமானத்தின் குச்சிக்குப் பதிலாகத் துடைப்பக் கட்டையைக் கால்களுக்கு நடுவில் நிறுத்தி, ஆறு வாரம் பயிற்சி. பறப்பதற்கு அல்ல. தரையில் ஓட்டுவதற்கு. ஏனென்றால் கிடைத்திருந்த அனுமதி அவ்வளவுதான். எத்தனையோ முறை மனுக் கொடுத்த பிறகு, ஒரு நாள், காலை ஏழு முதல் பத்து வரை, அதிகாரி முன்னிலையில், கியாக்தான் பக்கம் ஒரு வயலில், தரையோட்டம் மட்டும். சக்கரம் தரையை விட்டு எழும்பினால் அனுமதி ரத்து, இயந்திரம் பறிமுதல்.

"எழும்பிட்டா என்ன பண்றது மச்சான்?"

"எழும்பாது."

"எழும்பிட்டா?"

"இருபது மைல் வேகத்துல நிறுத்தப் போற. அது முப்பதுக்கு மேலதான் எழும்பும். எப்படி எழும்பும்?"

"தப்பித் தவறி?"

கோ வின் துடைப்பக் கட்டையைப் பிடித்திருந்த என் கையை இறுக்கிப் பிடித்தார். "அப்படின்னா குச்சியை இழுக்காத. எஞ்சினை ஒரேயடியா அணைக்காத. திரும்பாத. நேரா போ. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா குறை. அதுவா இறங்கும். நாலு வருஷம் மாப்ள. இதைப் பறிச்சுக்கிட்டுப் போனா இன்னொரு தடவை கட்ட எனக்குத் தெம்பு இல்லை."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. உடனே ஒரு ஜோக் அடித்துச் சமாளித்தேன். என்ன ஜோக் என்று மறந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த நாளும் வந்தது. இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி, விடியும்போதே ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். வழியில் நிறுத்திய போலீஸ்காரர் புரொப்பல்லரைத் தட்டிப் பார்த்து, "இது என்ன?" என்றார். நான் விசிட்டிங் கார்டை நீட்டி, "பெரிய ஃபேன்" என்றேன். அவர் நம்பியது கூட ஆச்சரியமில்லை. விலை கேட்டார் பாருங்கள், அதுதான்.

வயல் டோ நியுண்ட் என்ற அம்மாளுடையது. நெல் அறுத்து, உளுந்தும் பாதி பறித்தாகிவிட்டது. பறித்த செடிகளை வயலின் கடைக்கோடியில் ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார். மீதி இடத்தை மாட்டைக் கட்டி மட்டப்படுத்தி, எங்களுக்கு நானூறு கஜ ஓடுபாதை. வாடகையாக எதுவும் கேட்கவில்லை. "என் வாத்துகளைப் பயமுறுத்தாதீர்கள்," என்றார், அவ்வளவுதான்.

இறக்கைகளைப் பூட்டினோம். கோ வின் நீல நோட்டைப் பிரித்தார். அவர் படிக்க, நான் தொட்டேன்.

"பதினேழு. காத்துக் குழாய். உறை எடுத்தாச்சா? துளை திறந்திருக்கா?"

விமானத்தின் மூக்கில் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் சின்னத் துளை. ஓடும்போது அதில் புகும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் முன்னாலுள்ள வட்டக் கருவியில் முள் வேகத்தைக் காட்டும். குளவி கூடு கட்டிவிடக் கூடாது என்று மல்லிகா சிவப்புத் துணியில் ஒரு குட்டி உறை தைத்துக் கொடுத்திருந்தாள். அதை உருவி, துளையை விரலால் தடவி, "சரி" என்றேன். நாற்பத்தொன்றும் சரி. சத்தியமாக எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்போது ஒரு டாக்ஸி வந்து நின்றது. அதிகாரி ஊ மியிண்ட் இறங்கினார். வெள்ளைச் சட்டை, பச்சை லோஞ்சி (பர்மியக் கைலி), கையில் கிளிப் மாட்டிய அட்டை. கோ வின் அவரை வரவேற்று டீ கொடுக்கப் போனார். போகும்போது திரும்பி, "யாரும் தொடக்கூடாது," என்றார்.

அவர் தலை மறைந்ததும் மல்லிகா கூடையைத் திறந்தாள்.

"என்னங்க, பூஜை?"

"என்ன பூஜை?"

"நல்லா இருக்கே! நம்ம வீட்டுல சைக்கிள் வாங்குனாக்கூடப் பொட்டு வைக்காம மிதிச்சிருக்கோமா? மூணு சக்கரம் வச்ச வண்டி, ஆகாசத்துல போற வண்டி. சும்மா மொட்டையா எடுப்பீங்களா?"

"மச்சான் தொடக்கூடாதுன்னாரு."

"அது மனுஷங்களுக்குச் சொன்னது. சாமிக்கா சொன்னாரு?"

கூடையை நான்தான் பிடித்துக்கொண்டேன். எலுமிச்சம்பழம் மூன்று சக்கரத்துக்கும் கீழே போயிற்று. பர்மியப் பக்கத்து முறைப்படி, கார்களின் முன்னால் கட்டுவார்களே, அந்தத் தபியே இலைக்கொத்து ஒன்று சிவப்பு ரிப்பனோடு சக்கரக் கம்பியில் ஏறியது. கற்பூரம் காட்டினோம், பெட்ரோல் டாங்கிலிருந்து பத்தடி தள்ளி. (நானும் பாதுகாப்பு தெரிந்தவன்தான்!) கடைசியில் பொட்டு. மல்லிகா கூடையைக் கிளறினாள். குங்குமம் இருந்தது. சந்தனம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

"இப்ப என்ன செய்யறது?"

மல்லிகா ஒரு நொடிதான் யோசித்தாள். தன் கைப்பையிலிருந்து தனாக்கா டப்பாவை எடுத்தாள். பர்மாவில் பெண்கள், பிள்ளைகள், சமயத்தில் மீசை வைத்த ஆண்கள்கூட கன்னத்தில் பூசிக்கொள்ளும் மரப்பட்டைச் சாந்து. மஞ்சள் நிறம், நல்ல வாசனை, குளிர்ச்சி. சந்தனத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம். தண்ணீர் விட்டுக் குழைத்தாள். ஒரே ஒரு வித்தியாசம், அப்போது எனக்கு உறைக்கவில்லை. சந்தனம் காய்ந்தால் உதிரும். கெட்டியாகக் குழைத்த தனாக்கா வெயிலில் காய்ந்தால் சுவருக்குப் பூசிய மாதிரி நிற்கும்.

எஞ்சினுக்கு ஒரு பொட்டு. இறக்கைகளுக்கு ஒவ்வொன்று. சீட்டுக்கு ஒன்று. முன்னால் வந்தேன். மூக்கில் அந்தக் குழாய் பிள்ளையார் தும்பிக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. மச்சான் பெயரே விநாயகம். இதற்கு வைக்காமல் எதற்கு வைப்பது? கட்டைவிரலில் தாராளமாக எடுத்து, நுனியில் வைத்து, பக்தியோடு அழுத்தினேன். மேலே குங்குமம். தள்ளி நின்று பார்த்தால் அவ்வளவு அழகு!

கோ வின் திரும்பி வந்தபோது இலைக்கொத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. பக்கத்தில் அதிகாரி நின்றதால் இலையை மட்டும் அவிழ்த்து எறிந்தார். நான் கட்டியிருந்த பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். கருவியின் முன்னால் தன் கைபேசியை மாட்டி, முள்ளைப் படமெடுக்க வைத்தார். எல்லாவற்றுக்கும் சாட்சி வேண்டும் அவருக்கு. மூக்குப் பக்கம் மட்டும் போகவில்லை. அவர் விதிப்படி அங்கே போக வேண்டிய அவசியமே இல்லையே.

முதல் ஓட்டம் மெதுவாக. ஆள் ஓடுகிற வேகம். முள் அசையவில்லை. "பதினஞ்சு வரைக்கும் அது தூங்கும்," என்று முன்பே சொல்லியிருந்தார். சந்தோஷமாகத் திரும்பி வந்தேன். ஊ மியிண்ட் எதையோ எழுதிக்கொண்டார். மல்லிகா கைதட்டினாள். எனக்கு நெஞ்சு விரிந்து பெல்ட் இறுகியது.

இரண்டாவது ஓட்டம். இருபது மைல்.

ஆக்சிலேட்டரைத் தள்ளினேன். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் அலறியது. என் பல், கண்ணாடி, பக்கத்தில் இருக்கும் குழாய் எல்லாம் தனித்தனியாக ஆடின. கண் முள்ளின் மேல். பூஜ்யம். இன்னும் கொஞ்சம் தள்ளினேன். பூஜ்யம். 'சே, என்ன எஞ்சின் இது, தாய்லாந்துக்காரன் ஏமாற்றிவிட்டான்' என்று இன்னும் தள்ளினேன். மச்சானின் நான்கு வருட உழைப்பு இப்படி ஓட மாட்டேன் என்கிறதே என்ற பாசத்தில் முழுசாகவே தள்ளிவிட்டேன்.

பின்னால் கோ வின், நிறுத்தச் சொல்லி ஒரு சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். தொண்ணூற்றாறு கிலோவும் ஓடியதாம். நான் பார்க்கவில்லை. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று ஆட்டம் நின்றது. பல் பல்லோடு சேர்ந்தது. அப்போதுதான் அந்த வயலைப் பாராட்டினேன்.

பாராட்டி முடிப்பதற்குள் இடது பக்கம் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. விமானத்தின் நிழல். அது கீழே தனியாக ஓடிக்கொண்டிருந்தது. நிழல் அங்கே, நான் இங்கே. நடுவில் டோ நியுண்டின் வாத்துகள், கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னை அண்ணாந்து பார்த்தன.

அந்த ஒரு விநாடியை இன்றைக்கும் நான் யாருக்கும் விற்க மாட்டேன். பயம் வர வேண்டியதுதான். வரும் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. முகத்தில் காற்று. பனைகளின் தோள் உயரம். அதற்கும் அப்பால், ஆற்றின் நடுத்தீவில் இருக்கும் பகோடாவின் பொன் உச்சி, வெயிலில் ஒரு தீக்குச்சி மாதிரி பற்றிக்கொண்டு நின்றது. "ஐயோ!" என்று கத்தினேன். சந்தோஷத்தில்.

அடுத்த விநாடி முன்னால் உளுந்துச் செடிக் குவியல் தெரிந்தது. பயம் வந்து சேர்ந்தது.

கை தானாகக் குச்சியை இழுக்கப் போயிற்று. என்ன ஆச்சரியம் என்றால், அந்த நேரத்தில் எனக்குச் சாமி நினைவு வரவில்லை, மனைவி பிள்ளைகள் நினைவு வரவில்லை. துடைப்பக் கட்டைதான் நினைவு வந்தது. இழுக்காத. அணைக்காத. திரும்பாத. நேரா போ. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். விமானம் ஒரு பெருமூச்சு விட்டுச் சாய்ந்து இறங்கியது. சக்கரம் தொட்டது, துள்ளியது, மறுபடி தொட்டது. பிரேக் பிடித்தும் நிற்காமல் உருண்டு போய் குவியலுக்குள் மூக்கை மெத்தென்று புதைத்துக்கொண்டு நின்றது.

அமைதி. என் தலையில் உளுந்து உதிர்ந்தது.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த கோ வின் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்து நட்டுகளைப் பார்த்தார். இறக்கைப் பூட்டுகளைப் பார்த்தார். "கோடு எதுவும் உடையலை," என்றார். அப்புறம்தான், "நீ?" என்றார்.

"எனக்கும் உடையலை மச்சான்."

"ஏண்டா நிறுத்தலை?" என் கல்யாணத்துக்குப் பிறகு முதல் 'டா'.

"முள்ளு பூஜ்யத்துலயே இருந்துச்சு மச்சான். நெசமா!"

அவர் மெதுவாக முன்பக்கம் போனார். செடிகளை விலக்கினார். குழாயின் நுனியைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். வரவில்லை. முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன?"

"பொட்டு."

"தனாக்கா வாசனை வருது."

"சந்தனம் வீட்டுலயே தங்கிடுச்சு."

கோ வின் திரும்பித் தன் தங்கையைப் பார்த்தார். மல்லிகா குடையை விரித்து அதற்குப் பின்னால் போய்விட்டாள்.

அதற்குள் ஊ மியிண்ட் வந்துவிட்டார். வயல் வரப்பில் லோஞ்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல். டீக் கோப்பை இன்னும் கையில் இருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. (அவர்கள் பர்மியத்தில் பேசியதைத்தான் தமிழில் தருகிறேன். 'சயா' என்றால் ஐயா.)

"கோ வின். சக்கரம் எழும்பியதா?"

நான் கண்ணாலேயே கெஞ்சினேன். இல்லை என்று சொல்லுங்கள் மச்சான், துள்ளியது என்று சொல்லுங்கள். ஆனால் ஒரு நட்டைப் பற்றிக்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர்.

"எழும்புச்சு சயா," என்றார். கையிலிருந்த சிவப்புத் துணியை மடித்து, இன்னும் சின்னதாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஊ மியிண்ட் அட்டையைப் பார்த்தார். "நான் பார்த்ததை எழுத இங்கே கட்டம் இல்லை. கருவி காட்டியதைத்தான் கேட்கிறார்கள். அதிகபட்ச வேகம் எவ்வளவு?"

கோ வின் கைபேசியைக் கழற்றி ஓட்டிக் காட்டினார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். எஞ்சின் அலறல், என் "ஐயோ", வாத்துச் சத்தம், எல்லாம் கேட்டது. முள் மட்டும் ஆரம்பம் முதல் கடைசி வரை தூங்கிக்கொண்டிருந்தது.

"பூஜ்யம்," என்றார் ஊ மியிண்ட்.

"ஆமா சயா."

"பூஜ்ய வேகத்தில் ஒரு விமானம் எழும்புமா? நீங்கள் கட்டியவர், சொல்லுங்கள்."

"எழும்பாது சயா. ஆனா..."

"'ஆனால்' எழுதவும் கட்டம் இல்லை." பேனாவை மூடினார். "யா தே, யா தே." பரவாயில்லை, போகட்டும் என்று அர்த்தம். என் வாழ்நாளில் அதைவிட இனிமையான பர்மியச் சொல்லை நான் கேட்டதில்லை. பிறகு பேனாவை மறுபடி திறந்து கீழே ஒரு வரி சேர்த்தார். இனி வரும் எல்லாச் சோதனைகளுக்கும் அனுமதி கேட்கலாம். ஓட்டுநராக கோ செல்வம் (நான்தான்) தவிர யாரும் அமரலாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்தி, "மேலே எப்படி இருந்தது?" என்றார்.

"பகோடா தெரிஞ்சுது சயா."

"உச்சியா?"

"உச்சிதான்."

தலையை ஆட்டிக்கொண்டே டாக்ஸிக்குப் போனார். இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

திரும்பும் வழியெல்லாம் லாரியில் கோ வின், விமானத்தைக் கட்டிய கயிறுகளையே சரிபார்த்துக்கொண்டு வந்தார். பாலம் வந்ததும் நீல நோட்டை எடுத்து, தொடைமேல் வைத்து, லாரி குலுக்கலில் என்னவோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். நாற்பத்திரண்டாவது வரி: 'செல்வம் எங்கே? இரண்டு கையையும் பார்க்கவும். தொட்டுப் பார்க்கவும்.'

எழுதி முடித்ததும் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். மல்லிகா சிரித்தாள். லாரி டிரைவர் என்ன என்று தெரியாமலே சிரித்தார்.

பிற்பாடு மச்சான் மொஹிங்காவை விட்டு, எண்ணெய்ப் பலகாரத்தை விட்டு, இருபத்திரண்டு கிலோ குறைந்து, எஞ்சினையும் மாற்றி, வேறோர் அனுமதியோடு, முறையாகப் பறந்தார். முள் சரியாக வேலை செய்தது. அந்த விமானம் கிளம்பிய ஒவ்வொரு முறையும் நான் இருபதடி தள்ளி நின்று, சரணடைந்தவன் மாதிரி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டியிருக்கிறேன். அவர் வந்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, "சரி" என்ற பிறகுதான் எஞ்சின் கிளம்பும்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பழக்கம் குடும்பத்துக்குள் பரவிவிட்டது. போன மாதம் மல்லிகாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் கிளம்ப வேண்டும். பூ கட்டியாயிற்று, பொட்டு வைத்தாயிற்று, நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்தாயிற்று. "நாப்பத்திரெண்டு!" என்று யாரோ கத்தினார்கள். முன்னூறு பேர் என் பக்கம் திரும்பினார்கள். புது மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ ஒரு பெரியவர் பந்தல் ஓரத்தில் நின்று, பட்டுச் சட்டையோடு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, மரியாதைக்குத் தானும் தூக்கினார்.